காரம் மிகுதி என்று கேள்வி

சாம்பாரை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார் தில்லைநாயகம் ஐயா. வைத்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

தொடையின்மேல் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை நாலாக மடித்துத் தயாராக வைத்திருந்தார். இடது கை அதன் மேல் போனது, பிறகு திரும்பி வந்தது. இலையை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். அவரைக்காய்ப் பொரியலை விரலால் விலக்கித் தேடினார். கடுகு கிடைத்தது, கறிவேப்பிலை கிடைத்தது. அவர் தேடியது கிடைக்கவில்லை.

"அம்மா, இது..." என்று ஆரம்பித்தவர், "சுவையாக உள்ளது" என்று முடித்தார்.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சவரிமுத்து, ஏதோ தானே சமைத்த மாதிரி பூரித்துப்போனார். கரண்டியோடு நின்றிருந்த எனக்கு அந்தச் சாம்பாரை அவர் தலையில் ஊற்றலாம் போல இருந்தது. மிளகாய் இல்லாத சாம்பார்தானே, கண் எரியாது.

தில்லைநாயகம் ஐயா சிதம்பரத்துக்காரர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருடைய ஒரே மகள் கயல்விழி சென்னையில் என் மகன் அருளோடு வேலை பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் ரொம்ப நாளாகிறது. இரண்டு வீட்டுச் சம்மதமும் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். ஓடிப்போகிற தைரியமாவது இருந்திருந்தால் எனக்கு அன்றைய சமையல் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீட்டுச் சம்மதம் முன்பே கொடுத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது அவர் சம்மதம் ஒன்றுதான். அதற்காகத்தான் அவரும் அவர் மனைவி சிவகாமி அம்மாவும் கடலூர் முதுநகருக்கு எங்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். அந்த ஒரு விருந்தில்தான் நான் மிளகாயைக் கண்ணில் காட்டாமல் சமைத்திருந்தேன்.

மிளகு காரமா, மாமா?

எங்கள் மாதா கோவில் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் உண்டு. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டார் ஒரு தட்டு கொடுப்பார்கள். சுண்டலோ, பஜ்ஜியோ, கடையில் வாங்கிய மிக்சரோ இருக்கும். கூட்டத்தில் பாதி ஜெபத்துக்கு வருவது, மீதி தட்டுக்கு வருவது. நான் எந்தப் பாதி என்று பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின கூட்டத்தில், இந்த வருஷம் எதை விடுவது என்ற பேச்சு வந்தது. வழக்கமாக ஒருவர் கறியை விடுவார், ஒருவர் டிவி சீரியலை விடுவார். என் வீட்டுக்காரர் அன்பியப் பொறுப்பாளர். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே விட்டுப்போன அதிகாரத்தை இங்கே வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து நின்று, "ஆளுக்கு ஒண்ணுன்னு வேணாம். நம்ம அன்பியமே சேர்ந்து காரத்த விட்டுடுவோம்" என்றார்.

தட்டில் மிளகாய் பஜ்ஜி இருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தவள் எதிர்வீட்டு ஸ்டெல்லா. "மிளகு காரமா மாமா?"

"காரந்தான்."

"அப்ப இஞ்சி?"

"இஞ்சி மருந்து. அத விட்டுடு."

"பஜ்ஜி மொளகா? அது காய்கறி மாதிரிதான் மாமா, அதுல எங்க காரம் இருக்குது?"

"பேர்லயே மொளகா இருக்குது இல்ல?"

"சளி புடிச்சா மிளகு ரசம் வெக்கலாமா?"

"நாப்பது நாளைக்கு யாருக்கும் சளி புடிக்காது."

அன்று சொன்ன ஜெபத்தைவிட இந்த விவாதத்துக்குத்தான் நேரம் அதிகமானது. கடைசியில் தீர்ப்பு வந்தது. மிளகாய் எந்த நிறத்தில் இருந்தாலும் விலக்கு. மிளகு விலக்கு. கடுகு தாளிக்க மட்டும் அனுமதி. ஊறுகாய்ப் பாட்டில்களைப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். "ஞாயித்துக்கெழம நோன்புக் கணக்குல சேராதுன்னு சொல்வாங்களே மாமா" என்று ஸ்டெல்லா கடைசியாக முட்டிப் பார்த்தாள். "நம்ம அன்பியத்துல சேரும்" என்றார். ரோமாபுரியே விட்டுவைத்த ஞாயிற்றுக்கிழமையை முதுநகர் விட்டுவைக்கவில்லை.

இது போதாதென்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிரசங்கத்தில் சாமியார் ஒன்று சொன்னார். நோன்பு இருப்பதை ஊருக்குக் காட்டாதீர்கள், முகம் கழுவித் தலை சீவி எப்போதும்போல் இருங்கள் என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் என் வீட்டுக்காரர் காதில் விழும் எல்லா நல்ல வார்த்தையும் அரசாணை ஆகிவிடும். கோவில் வாசலிலேயே அன்பியத்தாரைக் கூட்டி, வெளியாள் யாருக்கும் இது தெரியக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் தனியாகச் சொன்னார். "அருள் கல்யாணத்துக்காகத்தான் பிலோமி இந்த நேர்ச்ச. வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லிடாத. பலிக்காம போயிடும்."

மீன் குழம்பில் சிவப்பு எண்ணெய் மிதக்காவிட்டால் கையை உதறி எழுந்துவிடுகிற மனிதர். மகனுக்காக அதை விட்டிருக்கிறார். அதைக் கேட்டபிறகு அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பாடப்புத்தகத்துக் காரம்

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். எனக்குக் காரம் என்றால் சிவப்பு லிட்மசை நீலமாக்குவது, தொட்டால் வழுவழுக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் தரும். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிவிட்டு, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து "இன்னிக்குக் காரம் தூக்கலா இருக்குதே" என்று அதே வாயால் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் குழம்பியதில்லை.

பிள்ளைகள் குழம்பினார்கள். பக்கத்துக் குடிகாடு கிராமத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண், காரத்தின் பண்புகள் இரண்டு எழுதுக என்ற கேள்விக்கு, ஒன்று கண் எரியும், இரண்டு தண்ணீர் குடிக்கத் தோன்றும் என்று எழுதியிருந்தாள். நான் அரை மதிப்பெண் போட்டேன். கண்ணில் பட்டால் எரியும் என்பது உண்மைதானே.

கொஞ்சம் யோசித்தால் பழைய வார்த்தைகள் எல்லாம் அடுப்படியிலும் அங்காடியிலும் கிடக்கின்றன. துணி வெளுக்கச் சவுக்காரம், தண்ணீர் தெளியப் படிகாரம், நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம், அப்பளம் பொரிய அப்பளக்காரம். இவற்றில் எதுவும் நாக்கில் மிளகாய் மாதிரி உறைக்காது. அரித்து எடுக்கிற குணம் ஒன்றுதான் பொதுவாக இருந்திருக்கும் போலிருக்கிறது.

நான் பிறந்தது காடாம்புலியூர். இந்து வீட்டுப் பெண், சவரிமுத்துவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவள் என்பது நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் பலாக்கொட்டைக் குழம்பு வைத்தால் "ஒறைப்பா இருக்குதா" என்று கேட்பார்கள். முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தால் "காரம் இருக்குதா" என்றார்கள். பத்திருபது மைலுக்குள் வார்த்தை மாறிவிட்டது. குழம்பு மாறவில்லை, சொரணைகெட்டவர்களைப் பார்த்து "இவனுக்கு ஒறைக்கவே ஒறைக்காது" என்று திட்டுவதும் இரண்டு ஊரிலும் மாறவில்லை.

தொலைபேசியில் வந்த சேதி

இரண்டு வீடும் பேசிக்கொள்ளட்டும் என்று அருள்தான் எண் கொடுத்தான். தில்லைநாயகம் ஐயா பேசுவது வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கும். நலம் விசாரித்தார். என் மகனைப் புகழ்ந்தார். பிறகு ஒரு செருமல்.

"தங்கள் பக்கம் காரம் மிகுதி என்று கேள்வி. எங்கள் இல்லத்தில் அது பழக்கமில்லை. குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்றுதான் ஐயமாக உள்ளது."

குழந்தைக்கு வயது இருபத்தெட்டு. அந்தக் குழந்தை நண்பர்களோடு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது இறால் தொக்கு வைத்த பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஆன்ட்டி, கொஞ்சம் பாட்டில்ல போட்டுக் குடுங்களேன்" என்று கேட்டது. பாட்டில் சிதம்பரத்துக்குப் போகவில்லை, சென்னைக்குத்தான் போனது.

நம் பக்கத்தில் கௌரவமான மனிதர்கள் யாரும் கல்யாணப் பேச்சில் சாதி, மதம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். அதெல்லாம் பார்க்காத காலம் அல்லவா? தண்ணீர் ஒத்துக்காது என்பார்கள். வெயில் ஒத்துக்காது என்பார்கள். கடல் காற்றுக்கு மூச்சு வாங்கும் என்பார்கள். இவர் படித்தவர், அதனால் காரம் என்றார். அதற்குப் பொருள் மீன் என்றும், மீனுக்குப் பொருள் மாதா கோவில் என்றும் புரிந்துகொள்ள எனக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் வருகிற அன்றைக்குச் சைவச் சாப்பாடு என்று முடிவானது. ஆனால் மிளகாய் இல்லாமலா? முந்தின நாள் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"ரெண்டே ரெண்டு வத்த மொளகா கிள்ளிப் போட்டுக்கறேங்க. அவுங்களுக்கு மட்டும்."

"அவரே காரம் ஜாஸ்தின்னுதான சொன்னாரு? இல்லாட்டி நல்லதுதான?"

"காரம் ஜாஸ்தின்னு சொன்னவருக்குக் காரமே போடாம வெச்சா, போன்ல சொன்னத மனசுல வெச்சுக்கிட்டுக் குத்திக் காட்றோம்னு நெனைப்பாரு. நோன்புன்னாவது சொல்லிடுங்க."

"சொல்லக்கூடாது பிலோமி. அவன் கல்யாணத்துக்குன்னு நேர்ந்துக்கிட்டு, அவன் கல்யாணத்துக்காகவே ஒடைக்கச் சொல்றியா?"

எனக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. மிளகாய் போட்டால் நேர்ச்சை உடையும், போடாவிட்டால் சம்பந்தம் உடையும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அழாத குறையாக நின்றேன்.

வந்தவர்களுக்கு முதலில் இனிப்பு, காரம், காபி கொடுப்பது முறை. காரத்துக்குப் பதிலாக எங்கள் ஊர் முந்திரியை உப்புப் போட்டு வறுத்து வைத்தேன். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இங்கே காரம் என்பது இதுதானோ?" என்றார் தில்லைநாயகம் ஐயா. என் வீட்டுக்காரர் பெருமையாகத் தலையாட்டினார்.

கப்பலில் வந்த காய்

சாம்பாரில் ஏமாந்தவர் கூட்டில் பார்த்தார். பூசணிக்காயும் தேங்காயும் அவரைப் பார்த்துச் சிரித்தன. எங்கும் பிடிகிடைக்காமல் போனதும், மற்ற எல்லாத் தமிழாசிரியர்களையும் போல அவரும் சொல்லாராய்ச்சியில் இறங்கினார்.

"அறுசுவையுள் ஒன்றைக் கார்ப்பு என்பதே முறை. காரம் என்பதை வடமொழியின் க்ஷாரம் என்போர் உளர். கார்த்தல் என்ற நம் வினையிலிருந்தே பிறந்தது என்போரும் உளர்."

"நீங்க என்ன சொல்றீங்கய்யா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் இரண்டாம் அணி. எனக்கும் முதல் அணியைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கும் இதனால் பேச்சு வார்த்தை இல்லை."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அருள் என்னைப் பார்த்தான். சிரிக்காதே என்று கண்ணால் அடக்கினேன்.

"மிளகாய் நமதன்று. போர்த்துக்கீசியர் வழியே கப்பலில் வந்த காய். மிளகைப் போல் உறைத்ததால் மிளகுக்காய், மிளகாய் ஆயிற்று. அதுவரை நம் முன்னோர் மிளகுக்குத்தான் கண்ணீர் விட்டனர். உங்கள் கடலூரிலேயே அது இறங்கியிருக்கவும் கூடும்." கடைசி வாக்கியத்துக்குச் சான்று ஒன்றும் சொல்லவில்லை. காரத்தின் பழியை எப்படியாவது எங்கள் ஊர்மேல் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசைதான் தெரிந்தது.

"அப்ப மிளகும் காரந்தானங்களே ஐயா?"

"ஐயமென்ன? அதுவே மூத்த காரம்."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்பியத்தில் தான் சொன்ன தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. எதிர்வீட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அப்போதே சொல்லிவிடத் துடித்தார். மகன் கல்யாணம் இலையில் ஊசலாடிக்கொண்டிருப்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோனது.

அடுப்படி மாநாடு

நான் மோர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். தனக்கு இலை போடச் சொல்லிவிட்டு, கைகழுவுகிற சாக்கில் சிவகாமி அம்மா பின்னாலேயே வந்தார். ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல். வந்ததும் என் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து பார்த்தார். காலி. அலமாரியை ஒரு நோட்டம் விட்டார்.

"ஏங்க, உங்க வீட்ல நெஜமாவே இப்பிடித்தான் சாப்புடுவீங்களா?"

எனக்கு அடக்க முடியவில்லை. நேர்ச்சையை மொத்தமாகக் கொட்டிவிட்டேன். கதவுக்கு வெளியே போகாத பேச்சு நேர்ச்சையை உடைக்காது என்று அந்த நேரத்தில் எனக்கு நானே ஒரு அரசாணை போட்டுக்கொண்டேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவரு வர்ற வழியெல்லாம் ஒத்திக பாத்துக்கிட்டு வந்தாருங்க. ஆலப்பாக்கம் தாண்டுறப்ப சொல்றாரு, ரெண்டு வாய் சாப்புட்டதும் இருமுவாராம், கைக்குட்டையால கண்ணத் தொடைச்சுக்குவாராம். மன்னிச்சுக்குங்க, எங்க பொண்ணு தாங்க மாட்டான்னு சொல்லிட்டுக் கௌம்பிடலாம்னாரு. இப்ப இருமவும் முடியாம பேசிக்கிட்டு கெடக்கறாரு."

"உங்களுக்கு இஷ்டம்தானாம்மா?"

"எனக்கென்னங்க, எம்பொண்ணு மூஞ்சியப் பாத்தாப் போதாதா? அவரு மனசுல வேற என்னமோ இருக்குது. என்னான்னு எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாரு." என் கையைப் பிடித்தார். "நோன்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எப்பவும் இப்பிடித்தான்னு நெனைச்சுக்கட்டும்."

இரண்டு பேரும் வெளியே வந்தோம். நான் ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். அவர் தன் இலையில் உட்கார்ந்தார், சாதத்தைப் பிசைந்தார், சாவகாசமாக ஒரு வாய் சாப்பிட்டார்.

"காரந்தான் இல்லியே. இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்று கணவரைக் கேட்டார்.

அடைப்புக்குறி

தில்லைநாயகம் ஐயா ஏதோ ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார், "அதாவது" என்பதோடு நின்றுவிட்டது. கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைக்கவில்லை, அதைக் கையில் வைத்துக் கசக்கினார்.

"அவ பேர மாத்திடுவாங்க, சிவகாமி" என்றார்.

செந்தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் யாரையும் பார்க்காமல் மனைவியிடம் மட்டும் பேசினார்.

"அவ பொறந்தப்ப எத்தன நாளு தேடி வெச்ச பேரு? இவுங்க கல்யாணப் பத்திரிகையில வேற ஏதாவது பேரு போட்டு, பக்கத்துல அடைப்புக்குறி போட்டுக் கயல்விழின்னு போடுவாங்க. நான் பாத்திருக்கறேன். அப்பறம் அடைப்புக்குறியும் போயிடும்."

என் வீட்டுக்காரர் பதறிப்போய் விளக்க ஆரம்பித்தார். இப்போதெல்லாம் ஞானஸ்நானம் கட்டாயமில்லை, ஆயர் இல்லத்தில் பிஷப்பிடம் அனுமதி வாங்கினால் போதும், பெண் அவள் மதத்திலேயே இருக்கலாம், யாருக்கு மனு எழுத வேண்டும், யார் கையெழுத்து வேண்டும். அவர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அந்த மனிதர் அதைக் கேட்கவில்லை. குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவரைக் கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் கல்யாணப் பத்திரிகையில் அந்த அடைப்புக்குறி இருந்தது. பிலோமினா என்பது என் மாமனாரின் இறந்துபோன அத்தை பெயர். எனக்கு வைக்கலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அன்று கோபமில்லை. பிடித்தவரைக் கட்டிக்கொள்கிற சந்தோஷத்தில் எந்தப் பெயர் வைத்திருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பிலோமினா டீச்சர், ரேஷன் கார்டில் பிலோமினா, வீட்டில் பிலோமி. பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்ட அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் காதால் கேட்டதில்லை. அது என்னை இவ்வளவு வருத்தியிருக்கிறது என்பது அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

"மாத்த மாட்டோம்ங்கய்யா" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "பத்திரிகையில கயல்விழின்னுதான் இருக்கும், அடைப்புக்குறி இருக்காது. நான் இருக்கற வரைக்கும் இந்த வீட்ல அவள வேற பேர் சொல்லி யாரும் கூப்புட மாட்டாங்க. எம் பேரு பூங்கோதைங்க."

என் வீட்டுக்காரர் மனு விவரத்தைப் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அருள் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றான். சான்றிதழில் பார்த்திருப்பானே தவிர, அவன் அம்மா வாயால் அந்தப் பெயரைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

தில்லைநாயகம் ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பூ, கோதை என்று பிரித்துப் பொருள் சொல்ல ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். இலையில் மிச்சமிருந்த சோற்றைக் குவித்து நடுவில் குழி பண்ணினார்.

"பூங்கோதையம்மா, கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றார்.

போனேன். மிளகாயும் இல்லாத, மிளகும் இல்லாத ரசம். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு கையில் பாத்திரம், ஒரு கையில் கரண்டி. துடைக்கக் கையில்லாமல் அப்படியே ஊற்றினேன்.